வாடகை வரும் முன்னே, செலவு வரும் பின்னே

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லிவைத்த பெரியவர்கள், மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமலே போய்விட்டார்கள்: "வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்!" அவர்கள் காலத்தில் கட்டின வீட்டில் கட்டினவரே குடியிருந்தார் போலும்.

இந்தக் காலத்தில் கதை வேறு. சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். 'டு-லெட்' பலகை தொங்காத தெரு உண்டா? ரிடையரானபோது கைக்கு வந்த பணத்தில் மாடி எழுப்பி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மாடியைக் குடித்தனத்துக்கு விட்டிருக்கும் தம்பதி ஒரு வீட்டில். கணவரை இழந்தபின் ஒரு போர்ஷனின் வாடகையை நம்பியே மருந்துக் கடைக்குப் போய் வரும் அம்மாள் அடுத்த வீட்டில். பாங்குக் கடனில் பிளாட் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, வெளியூரில் தானே வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர் மூன்றாவது வீட்டுக்குச் சொந்தக்காரர்.

குடித்தனக்காரர் கண்ணுக்கு இந்த மூவரும் குபேரர்கள். மாதம் பிறந்தால் உட்கார்ந்த இடத்தில் பணம் வருகிறதே! ஆபத்து என்னவென்றால், அந்த மூவரும்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாடகை என்றால் முழுக்க வருமானம் என்று எண்ணி, அந்தத் தொகையை அப்படியே குடும்பச் செலவுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் மோட்டார் புகைந்து நிற்கும். அல்லது ஐப்பசி மழையில் கூரை சொட்டும். அல்லது குடித்தனக்காரர் வந்து, "அடுத்த மாதம் காலி செய்கிறேன் சார், அட்வான்ஸைத் தயார் பண்ணி வையுங்கள்" என்பார். அப்போதுதான் கணக்கு நோட்டைத் தேடுவார்கள். கிடைக்காது; ஏனென்றால் அப்படி ஒரு நோட்டே கிடையாது.

ஆகவே இந்த வாரம் அந்த நோட்டைப் போட்டுவிடுவோம், வாருங்கள்.

பதினைந்தாயிரம் எங்கே போகிறது?

மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாடகை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம், வழி ஒன்றுதான்.

வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். பேஷ்! ஆனால் குடித்தனம் மாறும்போது வீடு சும்மா கிடக்கும். எப்போதும் ஜாக்கிரதையாகக் கணக்குப் போடுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு மாதத்தைக் காலி மாதமாக ஒதுக்கிவிடுவார்கள். மிச்சம் 1,65,000.

இனிச் செலவு. சொத்து வரியும் குடிநீர், கழிவுநீர் வரியும் சேர்ந்து 9,000 என்று வையுங்கள். குழாய், வயரிங், ஒழுகல் இவற்றின் பழுதுக்கு ஒரு மாத வாடகை, 15,000. வீடு முழுவதும் பெயிண்ட் அடிக்க ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை 60,000 என்றால், வருஷப் பங்கு 12,000. மோட்டார், தொட்டி சுத்தம் செய்வது, மாடிப்படி விளக்கு எல்லாமாக 6,000. புதுக் குடித்தனம் பிடித்துத் தரும் தரகருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு மாத வாடகை என்றால், வருஷத்துக்கு 5,000. தீ, வெள்ளம் இவற்றுக்கான இன்ஷூரன்ஸ் 3,000. கூட்டிப் பாருங்கள்: 50,000.

ஆக, கையில் நிற்பது 1,15,000. மாதத்துக்கு 9,600 ரூபாய்கூட இல்லை. மீதிப் பணம் உங்களுடையது அல்ல, வீட்டினுடையது. அது உங்கள் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

"போன வருஷம் நான் பெயிண்டே அடிக்கவில்லையே, மோட்டாரும் கெடவில்லையே?" என்கிறீர்களா? சந்தோஷம். அந்தச் செலவு உங்களை மறந்துவிடவில்லை; பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கைத் திறந்து, வாடகை வந்த அன்றே பங்கைப் போட்டுவிடுங்கள். அது வந்து கதவைத் தட்டும்போது, "வா" என்று தைரியமாகச் சொல்லலாம்.

சொத்து வரியில் ஒரு சின்ன லாபம் உண்டு. சென்னை மாநகராட்சியில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளைக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால், 5 சதவிகிதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். எப்படியும் கட்ட வேண்டிய பணம். கடைசி நாளில் வட்டியோடு கட்டுவதைவிட முதல் மாதத்தில் தள்ளுபடியோடு கட்டலாமே!

ஒரு சருகின் கதை

பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். மொட்டை மாடியைப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு கைப்பிடி வேப்பஞ் சருகு அடைத்துக்கொள்கிறது. மழை நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் தட்டோட்டின் இடுக்கு வழியே மெல்ல இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் குணமுடையது. ஆகவே கம்பி உள்ளேயிருந்து தளத்தை நெட்டித் தள்ளுகிறது. ஒரு நாள் இரவு, குடித்தனக்காரரின் குழந்தை படுத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே, சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாக உதிர்கிறது.

ஆவணியில் ஒரு துடைப்பத்தோடு மாடிக்கு ஏறியிருந்தால் செலவு ஒன்றுமில்லை. புரட்டாசியில் விரிசலை அடைத்திருந்தால் சில ஆயிரத்தோடு போயிருக்கும். தளத்தையே கொத்திப் போட வேண்டிவரும்போது அது லட்சக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது நமக்குப் பிறந்தது முதல் தெரியும். பின்னே ஏன் கொத்தனாரை நவம்பரில் தேடுகிறோம்?

மாடிக்குப் போகிறபோது மழைநீர் சேகரிப்புக் குழாயையும் பார்த்துவிடுங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழிதான் மண் மூடிக் கிடக்கிறது. 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த லாரிக்குப் பணம் கொடுப்பது வீட்டுக்காரரா குடித்தனக்காரரா என்று எத்தனை மாடிப்படிகளில் சண்டை! இதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிட்டால் சண்டையும் இல்லை, சமாதானமும் வேண்டாம்.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். 15,000 ரூபாய் வாடகைக்கு 1,50,000. இந்தப் பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்காரருக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு வளையல், பையனுக்குக் காலேஜ் சம்பளம், வீட்டுக்கு ஏ.ஸி. எல்லாம் நியாயமான செலவுகள்தான். பணம்தான் நம்முடையது அல்ல.

காலி செய்கிற அன்றைக்கு என்ன நடக்கிறது? "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்கிறார் வீட்டுக்காரர். அந்தத் தம்பியோ புது வீட்டுக்காரருக்கு அன்றைக்கே அட்வான்ஸ் கட்ட வேண்டும். லாரியில் சாமான் ஏறியாகிவிட்டது. வேறு வழியின்றி வட்டிக்கு வாங்குகிறார். இல்லையென்றால் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. தன் பணத்தையே திரும்பப் பெறுவதற்காக ஒருவர் கடன்காரர் ஆவதைவிட அநியாயம் உண்டா?

2017-ஆம் வருஷத்திய தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் வருஷத்திய பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம் இது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று அது சொல்கிறது. மூன்றோ பத்தோ, வாங்கிய தொகையை அப்படியே பாங்கில் நிரந்தர டெபாஸிட்டில் போட்டு, ரசீதின் மேல் குடித்தனக்காரரின் பெயரை எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். வட்டி உங்களுக்கு, முதல் அவருக்கு. காலி செய்கிற அன்று சாவியை ஒரு கையில் வாங்கி, காசோலையை மறு கையில் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு, அடுத்த குடித்தனக்காரரை அனுப்பிவைப்பதே போகிறவராகத்தான் இருக்கும். தரகர் செலவும் மிச்சம்!

வாஷர் யார் தலையில்?

"அம்மா, குழாய் ஒழுகுகிறது" என்று மாடியிலிருந்து குரல் வருகிறது. "நீங்கள்தானே திருகி உடைத்தீர்கள்?" என்று கீழேயிருந்து பதில் போகிறது. பத்து ரூபாய் வாஷருக்காகப் பத்து வருஷப் பழக்கம் முறிந்துபோவதை நாம் பார்த்திருக்கிறோம்.

சட்டம் இதற்காக ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. கட்டிடத்தின் அடிப்படையான பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், வேண்டியபோது குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் திருகும் வாஷரும், சாக்கடை அடைப்பு, கழிவறைப் பீங்கான், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவற்றின் பழுது குடித்தனக்காரர் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், சுவருக்குள் மறைந்திருப்பது வீட்டுக்காரருடையது. கைபட்டுத் தேய்வது குடித்தனக்காரருடையது. ஒப்பந்தம் எழுதும்போதே இந்தப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவது உத்தமம்.

குடிவரும் அன்று ஒவ்வோர் அறையையும் செல்போனில் படம் பிடித்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது, "இந்தக் கீறல் முன்பே இருந்தது", "இல்லை, இருக்கவில்லை" என்ற வழக்குக்குச் சாட்சி வேண்டாமா? ஆனால் ஒன்று: மூன்று வருஷம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அது சேதம் அல்ல, வாழ்க்கை. அதற்காக அட்வான்ஸில் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமாகாது.

மீட்டரும் சாவியும்

இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மின்சார மீட்டர் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-ல் வந்தது. ஆளுக்கு 200 யூனிட் செலவழிக்கும் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால், இருவருமாக 200 யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். ஒரே மீட்டர் என்றால் 300 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். அதுவும் மொத்தம் ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். தனி மீட்டர் போடும் செலவு ஒரு தரம். நஷ்டமோ இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். சர்க்காரிடம் ஒரு விலைக்கு வாங்கிக் குடித்தனக்காரரிடம் வேறு விலைக்கு விற்கிற மின்சார வியாபாரம் நமக்கு வேண்டாம்.

வாடகை பாக்கி என்றால் பியூஸைப் பிடுங்குவதும் மோட்டாரை நிறுத்துவதும் பழைய அஸ்திரங்கள். இப்போது அவை சட்டவிரோதம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது. பாக்கிக்கு வழி, வாடகை நீதிமன்றம். பியூஸ் கட்டை அல்ல.

அதேபோல், "என் வீடு, நான் எப்போது வேண்டுமானாலும் நுழைவேன்" என்பதும் செல்லாது. பழுது பார்க்கவோ பரிசோதிக்கவோ உள்ளே போக வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட நேரமாகவும் இருக்க வேண்டும். வாடகை வாங்கும்வரை அது உங்கள் வீடு. ஆனால் அவருடைய இல்லம்.

மூடியைத் திறக்குமுன்

இப்போது சொல்லப்போவது வேடிக்கை அல்ல. கழிவுநீர் இணைப்பு இல்லாத இடங்களில் செப்டிக் டாங்க் நிரம்பி வழியும். "யாராவது ஆளைக் கூப்பிட்டு இறக்கிவிடு, ஆயிரம் ரூபாயோடு போகட்டும்" என்று ஒரு குரல் எழும். அந்தத் தொட்டிக்குள் பிராணவாயு இராது. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற விஷ வாயு இருக்கும். இறங்கினவர் கூப்பிடுவதற்கு முன்பே சாய்ந்துவிடுவார். அவரைக் காப்பாற்ற இறங்குகிற தம்பியும் மேலே வரமாட்டார். இப்படி இரண்டு பேர், மூன்று பேர் ஒரே தொட்டியில் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

2013-ஆம் வருஷத்துச் சட்டம், பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. நேரடியாகக் கூப்பிட்டாலும் சரி, மேஸ்திரி மூலம் கூப்பிட்டாலும் சரி, முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று 2014-ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டத்தை விடுங்கள். உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியை வரவழைத்தால் சில ஆயிரம் ஆகும். அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மனிதனை இறக்கலாமா? வாடகைக் கணக்கில் வேறு எந்தச் செலவை வேண்டுமானாலும் குறையுங்கள். இதை மட்டும் குறைக்காதீர்கள். குடித்தனக்காரருக்கும் சொல்லிவையுங்கள்: "தொட்டி நிரம்பினால் என்னிடம் சொல்லுங்கள், நீங்களாக ஆள் வைக்காதீர்கள்."

வருமான வரியின் தாராளம்

வரி என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் வாடகை விஷயத்தில் வரி இலாகா கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. வந்த வாடகையில் நீங்கள் அந்த வருஷம் கட்டிய உள்ளாட்சி வரியைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் 30 சதவிகிதத்தைப் பராமரிப்புக்கென்று அப்படியே தள்ளிவிடுகிறார்கள், ரசீது கேட்பதில்லை. நம் உதாரணத்தில் 1,65,000-இல் 9,000 போக 1,56,000. அதில் 30 சதவிகிதம் 46,800. வரிக்கு உட்படுவது 1,09,200 மட்டுமே.

இதிலே ஒரு சூட்சுமம். நீங்கள் 80,000 செலவழித்தாலும் கழிவு அதே 46,800. ஒன்றுமே செலவழிக்காவிட்டாலும் அதே 46,800. வீடு என்றால் நூற்றுக்கு முப்பது ரூபாய் கேட்கும் என்று வரி இலாகாவே ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

கடனில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைக்கு விட்ட வீட்டுக் கடனின் வட்டியையும் கழிக்கலாம். அதனால் நஷ்டம் காட்டினால், பழைய வரி முறையில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது. வெளியூர் இளைஞரே, எந்த முறை லாபம் என்று கணக்குப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மாதத் தவணைக்கு வாடகையை மட்டும் நம்பாதீர்கள். காலி மாதத்தில் வீடு சும்மா இருக்கும், பாங்கு சும்மா இருக்காது.

எழுதாத ஒப்பந்தம்

"நல்ல மனிதர்கள், எழுத்து எதற்கு?" என்பார்கள். நல்ல மனிதர்களுக்கும் ஞாபகமறதி உண்டு, அதற்காகத்தான் எழுத்து. ஒரு வருஷத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொன்னதால், பதினோரு மாதம் என்று எழுதும் தந்திரம் பிறந்தது. 2017 சட்டத்தில் அந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லை. எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகைத் தொகை, வருஷ உயர்வு, அட்வான்ஸ், தண்ணீர், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு எல்லாம் அதில் வரட்டும். மாதாமாதம் ரசீதும் கொடுங்கள்.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது குலம், கோத்திரம், சமையலறையில் என்ன வேகிறது என்றெல்லாம் விசாரிப்பவர்கள் உண்டு. அதைவிடச் சம்பளம் வரும் தேதியை விசாரிப்பது பிரயோஜனம். முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது இன்னும் பிரயோஜனம்.

ஒழுங்காக வாடகை கொடுத்து, வீட்டைத் தன் வீடு போல் வைத்திருப்பவர் கிடைத்துவிட்டால், ஐந்நூறு ரூபாய் உயர்வுக்காக அவரைத் துரத்தாதீர்கள். ஐந்நூறு ரூபாய் உயர்வு வருஷத்துக்கு 6,000. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் நஷ்டம் 15,000. இதைப் புரிந்துகொள்ள எம்.ஏ. படிக்க வேண்டாம்.

இன்று இரவு சாப்பாடு ஆனதும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில், திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் தொகையைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் வருஷச் செலவு. மூன்றாம் பக்கத்தில் மாடி, தொட்டி, வயரிங் கடைசியாகப் பார்த்த தேதி. அந்தத் தேதி ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், நாளைக் காலையில் முதல் வேலை என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. துடைப்பம் கொல்லையில்தானே இருக்கிறது?